தர்மபுரி லைட்டு பாக்க ஆட்டோவுக்கு ஒரு ரூட்டு, ஒரு ரேட்டு போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தசரா சமயத்துல மைசூர் அரண்மனை ஜொலிக்கற படத்த நம்ம பேப்பர்ல பெருசா போட்டிருந்தீங்க. அத பாத்துட்டு எங்க தெருவுல நாலஞ்சு வீடு கிளம்பிடுச்சு, நாங்களும் கிளம்பினோம். தர்மபுரியில இருந்து மைசூர் ஒண்ணும் எட்டாத தூரம் இல்ல, தூத்துக்குடி மைசூர் எக்ஸ்பிரஸ் நம்ம ஸ்டேஷன்ல நின்னுதான் போகுது, பஸ்ஸுன்னா பெங்களூர் போயி மாறிக்கலாம். போயி பாத்துட்டு வந்ததுல இருந்து மனசுல ஒண்ணு ஓடிட்டே இருக்கு, அத எங்க வீட்டுல சொன்னா "உனக்கு வேற வேலை இல்லையா"ங்கறாங்க, நகராட்சியில போயி சொன்னா மனுவா எழுதிக் குடுங்கன்னு சொல்லுவாங்க, அதான் உங்களுக்கே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும், வேணுங்கற இடத்துல வெட்டிக்கோங்க.

விஷயம் இதுதான். கார்த்திகை தீபத்துல ஆரம்பிச்சு தைப்பூசம் முடியற வரைக்கும் நம்ம தர்மபுரி டவுனுல லைட்டு இல்லாத வாரமே கிடையாது. அந்த நாள்ல சாயந்திரம் ஆறரை மணியில இருந்து ஒம்போதரை வரைக்கும் ஆட்டோவுல ஒரு சுத்து சுத்தி வர்ற மாதிரி ஒரு ரூட்டும், எல்லாருக்கும் தெரியற மாதிரி ஒரே ரேட்டும் போட்டுக் குடுங்க, வேற ஒண்ணும் புதுசா கட்ட வேணாம், டெண்டர் விட வேணாம்.

ஏன் ஆட்டோன்னு கேப்பீங்க. எங்கம்மாவுக்கு முட்டி வலி, பத்து நிமிஷம் சேந்தாப்புல நடக்க முடியாது. மைசூர்ல தசரா பத்து நாளும் அரண்மனைய சுத்தி இருக்கற ரோடெல்லாம் சாயந்திரத்துக்கு மேல ஒன்வே ஆக்கிடறாங்க, வேன்ல வந்தவங்க எங்கயோ தூரத்துல நிறுத்திட்டு அங்க இருந்து நடந்து வர்றாங்க, கைக்குழந்தையும் பையும் பாட்டியும் ஒண்ணா. எங்க கூட அதே ட்ரெயின்ல வந்த ஒரு குடும்பம் ஒரு டிராவல்ஸ் வேன் புடிச்சாங்க, லைட்டெல்லாம் காட்டறோம்னு சொல்லி ஏத்திட்டுப் போயி பாதி நேரம் டிராபிக்குல நிறுத்தி, மீதி நேரம் ஒரு பட்டுப்புடவை கடை வாசல்ல நிறுத்தி, "அதோ தெரியுது பாருங்க அரண்மனை"ன்னு தூரத்துல இருந்து காட்டிட்டு கொண்டாந்து விட்டுட்டாங்களாம். நாங்க ரயில்வே ஸ்டேஷன் வெளிய ஒரு ஆட்டோ அண்ணன்கிட்ட பேசினோம், நல்லா தமிழ் பேசுனாரு, மைசூர்ல அது ஒண்ணும் அதிசயம் இல்ல. சுத்திக்காட்டி திரும்ப ஸ்டேஷன்ல விட 500 ரூபாய்னு முடிவாச்சு. அம்மா, நான், என் வீட்டுக்காரி, மூணு பேரு, கணக்கு சரியாப் போச்சு.

அவரு நேரா அரண்மனைக்குப் போகல. "இப்ப போனா கூட்டத்துல மாட்டிக்குவோம், ஏழு மணிக்கு லைட்டு போடுவாங்க, அத ஒரு பக்கமா நின்னு பாத்துட்டு அப்புறம் சுத்தலாம்"னு சொல்லி ஒரு சந்துல புகுந்து இன்னொரு சந்துல வெளிய வந்து அரண்மனை காம்பவுண்டு ஓரமா நிறுத்தினாரு. அந்த ஏழு மணி இருக்கே, அது வரைக்கும் இருட்டுல ஒரு பெரிய கட்டடமா நிக்குது, டக்குன்னு ஒரே நேரத்துல அத்தனையும் எரியுது. ஒரு லட்சத்துக்குப் பக்கம் பல்புங்கறாங்க, தூணு, வளைவு, கோபுரம், ஜன்னல்னு ஒவ்வொரு கோட்டுலயும் வரிசையா பல்பு. சுத்தி இருந்த ஜனம் பூரா ஓன்னு ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, எங்கம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க, சாமி இல்லம்மா அரண்மனைன்னு சொன்னேன், "இருந்தா என்ன"ன்னுட்டாங்க. அந்த பல்பு மஞ்சளா எரியுது, இப்ப ஊரு பூரா அடிக்கற வெள்ளை எல்இடி மாதிரி கண்ண குத்தறது இல்ல. பழைய மர அரண்மனை 1897-ல தீப்புடிச்சு போனதுக்கப்புறம் 1912-ல கட்டி முடிச்சது இப்ப இருக்கறது, பிளான் போட்டவரு ஹென்றி இர்வின், நம்ம சென்னை ஐகோர்ட் கட்டடத்துலயும் அவரு கை இருக்கு.

அப்புறம் கே.ஆர். சர்க்கிள், சாமராஜா சர்க்கிள், சயாஜி ராவ் ரோடு. அந்த ரோட்டுல மேல பந்தல் மாதிரி லைட்டு கட்டியிருக்காங்க, சர்க்கிளுக்கு சர்க்கிள் லைட்டுலயே ராஜா, யானை, அம்மன்னு உருவம். தேவராஜா மார்க்கெட் ஓரமா போகும்போது மல்லிப்பூ வாசம் ஆட்டோவுக்குள்ள வருது, இதெல்லாம் கண்ணாடி ஏத்தி ஏசி போட்ட கார்ல கிடைக்குமா சொல்லுங்க. பிலோமினா சர்ச் ரெட்டை கோபுரத்த காட்டறதுக்குன்னு கொஞ்சம் சுத்தி வந்தாரு, 1930-கள்ல கட்டினதாம். பன்னிமண்டபம் வரைக்கும் போனோம், விஜயதசமி அன்னைக்கு 750 கிலோ தங்க அம்பாரியில அம்மன ஏத்திக்கிட்டு யானை வந்து சேர்ற இடம் அதுதான், ராத்திரி தீப்பந்த அணிவகுப்பும் அங்கதான். வழியில டாங்காவும் பாத்தோம், குதிரை வண்டியில குடும்பமா உக்காந்து லைட்டு பாத்துட்டு போறாங்க, அங்க இன்னும் அது ஓடுது. கர்நாடகா டூரிசம் மேல மூடாத டபுள் டெக்கர் பஸ்ஸும் விடறாங்க, அம்பாரின்னு பேரு, மேல உக்காந்தவங்களுக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனா அது நம்ம சொன்ன இடத்துல நிக்காதே. ஆட்டோன்னா "அண்ணா ஒரு நிமிஷம்"னா ஓரங்கட்டிடுவாரு.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், சம்பந்தம் இல்லாத மாதிரி இருக்கும், ஆனா இருக்கு. மைசூர் அரசாங்கம் 1902-ல சிவசமுத்திரத்துல காவேரி தண்ணியில கரண்டு எடுத்து முதல்ல கோலார் தங்கவயலுக்கு அனுப்புனாங்க, 1905-ல பெங்களூர் தெருவுக்கு லைட்டு வந்துச்சு, அப்புறம் மைசூருக்கு. அந்த சிவசமுத்திரத்த தாண்டி வர்ற காவேரிதான் நம்ம ஒகேனக்கல்ல வந்து விழுது. அவங்க ஊருக்கு வெளிச்சம் குடுத்துட்டு நம்ம ஊருக்கு வர்ற தண்ணி அது. நம்ம என்னடான்னா பண்டிகைக்கு நாலு சீரியல் செட் கட்டிட்டு, அத யாரும் சுத்திப் பாக்க வழி பண்ணாம விட்டு வச்சிருக்கோம்.

"தர்மபுரியில என்னய்யா இருக்கு பாக்க"ன்னு நம்ம ஊருக்காரங்களே சொல்லுவாங்க, எனக்கு அதுதான் ஆத்திரமா வரும். பஸ் ஸ்டாண்டுல இறங்கறவங்க எல்லாம் ஒகேனக்கல் பஸ் எங்க நிக்கும்னுதான் கேக்கறாங்க, டவுன பாக்கணும்னு யாரும் கேக்கறதே இல்ல, கேட்டாலும் சொல்ல ஆளு இல்ல. சரி, நான் ஒரு ரூட்டு சொல்றேன், சரியா வருமான்னு பாருங்க.

பஸ் ஸ்டாண்டுல ஏறி நாலு ரோடு வழியா கோட்டைக்கு. கோட்டை கோவில்ல காமாட்சி அம்மனும் மல்லிகார்ஜுனரும் இருக்காங்க, பக்கத்துலயே வரமகாலட்சுமி கோவில். முன்ன இந்தப் பக்கத்த ஆண்ட நுளம்ப ராஜாக்க காலத்து கோவில்ங்கறாங்க. மண்டபத்துல தொங்கும் தூண் இருக்கு, தரையில படாம தூணு நிக்குது, அடியில துணிய விட்டு இழுத்துப் பாக்கறது சின்ன வயசுல எங்களுக்கு விளையாட்டு. அம்மன் சன்னதிய சுத்தி அடிப்பகுதியில ராமாயணக் கதைய சின்னச் சின்ன சிற்பமா செதுக்கியிருக்காங்க, விரல் நீளம்தான் இருக்கும் ஒவ்வொண்ணும், பகல்லயே குனிஞ்சுதான் பாக்கணும். கார்த்திகையில பிரகாரம் பூரா அகல் ஏத்தி வச்சா அந்த வெளிச்சம் கீழ இருந்து மேல அடிக்குது பாருங்க, அப்பத்தான் அந்த சிற்பம் எல்லாம் எழுந்து நிக்கற மாதிரி தெரியும். இத டியூப் லைட்டுல பாக்கவே கூடாது. கோவில் நிர்வாகத்துக்கு இத உங்க பேப்பர் மூலமா ஒரு கோரிக்கையா வைக்கறேன், அந்தப் பக்கம் மட்டும் தீப நாள்ல போகஸ் லைட்டு போடாதீங்க, அகலே போதும்.

அங்க இருந்து குமாரசாமிப்பேட்டை, சிவசுப்பிரமணிய சாமி கோவில். எங்க ஏரியாங்கறதால சொல்லல, தைப்பூசத்துக்கு பொம்பளைங்க மட்டும் வடம் புடிச்சு தேர் இழுக்கறது இங்க விசேஷம், வெளியூர்ல இருந்தெல்லாம் பாக்க வருவாங்க. தேர் நாள்ல ஆட்டோ கிட்டப் போகவே முடியாது, போகவும் கூடாது. ஆனா அதுக்கு முன்ன கொடியேத்தத்துல இருந்தே தெரு பூரா லைட்டு கட்டிடுவாங்க, ராத்திரி சாமி வாகனத்துல வரும், அந்த நாளெல்லாம் ஆட்டோவுல வந்து தெருமுனையில நின்னு பாத்துட்டு போலாம். அன்னசாகரத்துலயும் முருகன் கோவில் இருக்கு, ரூட்டுல அதையும் சேத்துக்கலாம்.

அப்புறம் தூய இருதய ஆண்டவர் பேராலயம். தர்மபுரி மறைமாவட்டம் 1997-ல உருவாச்சு, அதுக்கு தலைமை கோவில் இதுதான். டிசம்பர் வந்தா குடில் வைப்பாங்க, ஸ்டார் கட்டுவாங்க, எங்க தெரு பசங்க எல்லா சாமியும் சேந்து குடில் பாக்க போறவங்கதான், ஆட்டுக்குட்டி எத்தனைன்னு எண்ணிட்டு வருவாங்க. இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தா கோவிலூர் சர்ச் வரைக்கும் போலாம், ஆனா அது டவுனுக்கு வெளிய, தனி ரேட்டா வச்சுக்கட்டும்.

நடுவுல கடைவீதி. பொங்கலுக்கு முந்தின வாரம் கடைவீதிய பாக்கறதே ஒரு லைட்டு அலங்காரம்தான். அங்க மட்டும் ஆட்டோ நிக்காம ஊர்ந்து போகட்டும், இல்லேன்னா கடைக்காரங்க சாபம் விடுவாங்க.

மன்றோ தூணையும் விட்டுடக் கூடாது. தாமஸ் மன்றோ 1790-கள்ல பாராமகால்னு அப்ப சொன்ன நம்ம பக்கமெல்லாம் வெள்ளைக்காரன் கைக்கு வந்தப்ப இங்க தங்கி நிலவரி வேலை பாத்தவரு, பின்னாடி மெட்ராஸ் கவர்னர் ஆனாரு, சென்னையில குதிரை மேல உக்காந்திருக்காரே அவரேதான். சென்னை சிலைய தெரியாதவங்க கிடையாது, நம்ம ஊருல அவரு பேருல ஒரு தூணு இருக்குன்னு நம்ம பசங்களுக்கே தெரியாது. ராத்திரியில அதுக்கு கீழ இருந்து ஒரே ஒரு மஞ்ச லைட்டு அடிச்சா போதும். அதே மாதிரி அகழ்வைப்பகம்ங்கற மியூசியம், நடுகல் எல்லாம் வச்சிருக்காங்களே, அது சாயந்திரம் பூட்டிடறாங்க. இந்த சீசன்ல மட்டும் ராத்திரி எட்டு மணி வரைக்கும் திறந்து வச்சா என்ன? ஊரு மாட்ட ஓட்டிட்டுப் போக வந்தவங்கள தடுத்து செத்தவனுக்கு, ஊருக்காக புலியோட சண்டை போட்டு செத்தவனுக்குன்னு கல்லு நட்ட ஊரு இது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மாதிரி நடுகல் இவ்வளவு கிடைச்ச இடம் தமிழ்நாட்டுல ரொம்ப கம்மி. பண்டிகைக்கு வீட்டுல செத்தவங்களுக்கு படைக்கறோம், அந்த கல்லுக்கு ஒரு விளக்கு வச்சா குத்தம் இல்ல.

கடைசியா ராமக்காள் ஏரி. தண்ணி இருக்கற வருஷம்னா கரையில லைட்டு கட்டினா தண்ணியிலயும் ஒரு வரிசை தெரியும். தண்ணி இல்லாத வருஷம் பத்தி பேச வேணாம், கொசு மட்டும்தான்.

அதியமான்கோட்டைய ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. அது சேலம் ரோட்டுல ஏழெட்டு கிலோமீட்டர். தட்சிண காசி காலபைரவர் கோவில்ல தேய்பிறை அஷ்டமிக்கு ஜனங்க சாம்பல் பூசணிய ரெண்டா அறுத்து எண்ணெய் ஊத்தி விளக்கு போடறது எல்லாருக்கும் தெரியும், ராத்திரியில அந்த வரிசைய பாக்கணுமே, கரண்டு லைட்டு எல்லாம் பக்கத்துல நிக்காது. கார்த்திகை மாசத்து தேய்பிறை அஷ்டமி இன்னும் விசேஷம். பக்கத்துலயே அதியமான் கோட்டம், அவ்வைக்கு நெல்லிக்கனி குடுத்தவருக்கு நினைவிடம். சென்றாயப் பெருமாள் கோவில்ல பழைய ஓவியம் இருக்கு. எல்லாம் சரி, ஆனா ராத்திரி நேரத்துல மூணு சக்கர வண்டிய நேஷனல் ஹைவேயில விடறது எனக்கு சம்மதம் இல்ல. லாரி எல்லாம் தொப்பூர் பக்கம் போற வேகத்த நீங்களும் பாத்திருப்பீங்க, உங்க பேப்பர்ல வாரத்துக்கு ஒரு விபத்து செய்தியாவது போடறீங்க. அதனால அதியமான்கோட்டைக்கு அஷ்டமி அன்னைக்கு டவுன் பஸ் கூடுதலா விட்டா போதும், ஆட்டோ டவுனுக்குள்ள மட்டும்.

வண்டின்னு வந்ததால இதையும் சொல்லிடறேன். இப்ப திருவிழாவுக்கு ஜனங்க எதுல வர்றாங்க? குட்டி யானையில. சரக்கு ஏத்தற டாடா ஏஸ்ல பின்னாடி பாய் விரிச்சு இருபது பேரு, அதுல பாதி குழந்தைங்க, சைடுல கால தொங்கப் போட்டுட்டு. போலீஸ் புடிச்சா "திருவிழா சார்"னு கெஞ்சறது. சரக்கு வண்டியில ஆள ஏத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, கவுந்தா இன்சூரன்ஸும் வராது. இத வெறுமனே தடுத்தா நிக்காது, ஏன்னா ஒரு குடும்பத்துல பத்து பேருக்கு நாலு ஆட்டோ புடிக்க காசு கட்டாது. அதனாலதான் ரேட்டு சமாச்சாரம் முக்கியம்.

நம்ம ஊருல ஆட்டோவுக்கு மீட்டர்னு ஒண்ணு கண்ணால பாத்து எத்தன காலம் ஆச்சு. சென்னைக்கு 2013-ல அரசாங்கம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதுக்கு மேல கிலோமீட்டருக்கு 12 ரூபாய்னு போட்டாங்க, அந்த ரேட்டுல யாரும் போறதும் இல்ல, போக முடியறதும் இல்ல, பெட்ரோல் விக்கற விலையில டிரைவர குத்தம் சொல்லியும் பிரயோஜனம் இல்ல. அதனால கிலோமீட்டர் கணக்கு வேணாம். ஒரு சுத்துக்கு இவ்வளவுன்னு ஸ்டாண்டுக்காரங்க, ஆர்டிஓ, நகராட்சி மூணு பேரும் உக்காந்து பேசி முடிவு பண்ணட்டும், ஒன்றரை மணி நேரம், இத்தன இடத்துல நிக்கும், மூணு பேரு. ஷேர் ஆட்டோன்னா தலைக்கு இவ்வளவு. டிரைவருக்கு கட்டுபடியாகற ரேட்டா இருக்கணும், இல்லேன்னா முதல் நாள் ஓடும், ரெண்டாவது நாள் "கேஸ் இல்ல சார்"னு சொல்லிட்டு போயிடுவாங்க. சாயந்திரம் ஏழு மணிக்கு மேல பஸ் ஸ்டாண்டு ஆட்டோ பாதி சும்மாத்தான் நிக்குது, கடைசி பஸ்ஸுக்கு வர்ற சவாரிய நம்பி உக்காந்திருப்பாங்க. அவங்களுக்கும் இது வருமானம்தானே.

எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆட்டோ தம்பிகிட்ட இத பத்தி பேசினேன். "அண்ணா, ஓட்டறது பிரச்சனை இல்ல, ஏறினவங்க இது என்ன அது என்னன்னு கேட்டா நான் என்னத்த சொல்றது"ன்னான். நியாயமான கேள்வி. மைசூர் அண்ணன் ஒவ்வொரு சர்க்கிள்லயும் யாரு சிலை, எந்த ராஜான்னு சொல்லிட்டே வந்தாரு, கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பாரு, பரவால்ல. இங்க அகழ்வைப்பகத்துல ஒரு நாள் சாயந்திரம் டிரைவருங்கள உக்கார வச்சு டீ குடுத்து ஊர்க் கதைய சொல்லிட்டா போதும், சீட்டுக்குப் பின்னாடி ஒட்டறதுக்கு தமிழ்ல ஒரே ஒரு பக்கம் அச்சடிச்சுக் குடுக்கலாம். காலேஜ்ல வரலாறு படிக்கற பசங்க எழுதிக் குடுப்பாங்க. தகடூர்ங்கறது நம்ம ஊரோட பழைய பேருன்னு சவாரி ஏறுன வெளியூர்க்காரங்களுக்கு ஆட்டோக்காரர் சொன்னா அது புத்தகத்துல படிக்கறத விட நிக்கும்.

இன்னொண்ணு, பாட்டு. தயவு செஞ்சு ஆட்டோவுல ஸ்பீக்கர் கட்டாதீங்க. ஏற்கனவே தெருமுனைக்கு தெருமுனை சவுண்ட் சர்வீஸ்காரங்க குழாய் கட்டி காலையில நாலரைக்கே ஆரம்பிச்சிடறாங்க. லைட்டு பாக்க வந்தவங்களுக்கு காது சும்மா இருந்தாத்தான் கண்ணு வேலை செய்யும். பேட்டரி ஆட்டோ வச்சிருக்கறவங்களுக்கு இந்த ரூட்டுல முன்னுரிமை குடுக்கலாம், சத்தமும் இல்ல, கோவில் வாசல்ல நிக்கறப்ப புகையும் இல்ல. ஹெட்லைட்ட டிம் பண்ணிட்டு மெதுவா போகணும்.

கரண்டு விஷயத்துல மட்டும் கண்டிப்பு வேணும். 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி தஞ்சாவூர் பக்கம் களிமேட்டுல தேர், மேல போற கரண்டு கம்பியில உரசி 11 பேரு செத்தத யாரும் மறந்திருக்க மாட்டாங்க. நம்ம ஊருலயும் திருவிழான்னா கொக்கி போட்டு கரண்டு எடுக்கறது, இன்சுலேஷன் பிஞ்ச ஒயர இரும்புக் கம்பத்துல சுத்தறது, மழை பெய்ஞ்சா அத கையால தொட்டுப் பாக்கறது எல்லாம் நடக்குது. கார்த்திகை மாசம் மழை மாசம். லைட்டு கட்டறவங்க தற்காலிக இணைப்பு வாங்கித்தான் கட்டணும், ஆட்டோ நிக்கற இடத்துல ஒயரு தலை ஒசரத்துக்கு தொங்கக் கூடாது, இத ஈபி ஆளுங்க ஒரு தடவ சுத்திப் பாத்து ஓகே சொன்னப்புறம்தான் ரூட்டுல அந்த இடத்த சேக்கணும்.

எல்லாத்தையும் லைட்டுன்னே சொல்லிட்டு வந்துட்டேன், நான் ரொம்ப ஆசப்படறது என்னவோ கார்த்திகை அன்னைக்கு தெருவுங்கதான். மைசூர்ல இருக்கறது ராஜா ஏத்தின விளக்கு, பாக்கறவங்க வெளிய நின்னு பாக்கணும். கார்த்திகைக்கு நம்ம ஊருல ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் அவங்கவங்களே ஏத்தினது, பணக்கார வீடு கூரை வீடுன்னு வித்தியாசம் இல்லாம ஒரே மாதிரி அகல். கோவில் முன்னாடி சொக்கப்பனை எரியும். பசங்க மாவலி சுத்துவாங்க, பனம்பூவ சுட்டு கரியாக்கி இடிச்சு துணியில கட்டி, பனமட்டைக்கு நடுவுல வச்சு, கயித்துல கட்டி தலைக்கு மேல சுத்தினா தீப்பொறி வட்டமா பறக்கும். இப்ப டவுனுல அது கம்மியாயிடுச்சு, கிராமத்துப் பக்கம் இன்னும் இருக்கு. பெங்களூர்ல வேலை பாக்கற நம்ம பசங்க பிரிகேட் ரோட்டு கிறிஸ்துமஸ் லைட்ட போட்டோ புடிச்சு ஸ்டேட்டஸ் வைக்கறாங்க, நல்லாத்தான் இருக்கு, அவங்க புள்ளைங்களுக்கு மாவலி என்னன்னு தெரியல. தீபத்தன்னைக்கு ரூட்டுல ஒரு மைதானத்துல நாலு பெரியவங்கள வச்சு மாவலி சுத்திக் காட்டச் சொல்லுங்க, ஆட்டோவெல்லாம் தள்ளி நிக்கட்டும், கேஸ் வண்டி பக்கத்துல நெருப்பு வேணாம்.

டிராபிக் ஆகும்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. அந்த ஜனம் எப்படியும் வரத்தான் போகுது, இப்ப ஆளுக்கு ஒரு பைக்கு, வீட்டுக்கு ஒரு காருன்னு வந்து கோட்டை தெருவுல குறுக்க நெடுக்க நிறுத்திட்டு போறாங்க. ஒரு கார் நிக்கற இடத்துல ஆட்டோ வந்து ஆள இறக்கிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துடும். வண்டிய பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்கயாவது போட்டுட்டு ஆட்டோவுல வாங்கன்னு சொன்னா வருவாங்க, ரேட்டு நியாயமா இருந்தா.

கிருஷ்ணகிரிக்காரங்க கோவிச்சுக்காதீங்க, உங்களுக்கு மாங்கனி கண்காட்சி இருக்கு, கேஆர்பி டேம் இருக்கு, மலைக்கோட்டை இருக்கு. கண்காட்சி சமயத்துல அஞ்சு ரோடு ரவுண்டானாவுல இருந்து பழையபேட்டை வரைக்கும் நீங்களும் இதே மாதிரி ஒண்ணு வைக்கலாம். 2004-ல ஜில்லா பிரிஞ்சாலும் சொந்தக்காரங்க ரெண்டு பக்கமும் இருக்கோம், நீங்க முதல்ல வச்சா நாங்க வந்து பாக்கறோம், அத காட்டி எங்க ஊருல கேப்போம்.

தீபத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு, அதுக்குள்ள எல்லாம் நடக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. கிறிஸ்துமஸுக்காவது ஆரம்பிங்க, பஸ் ஸ்டாண்டு ஸ்டாண்டுல பத்து ஆட்டோ ஒத்துக்கிட்டா போதும். டாய்லெட் எங்க இருக்குன்னு அந்த ஒத்தப் பக்க பேப்பர்லயே போட்டுடுங்க, வயசானவங்கள கூட்டிட்டு வர்றவங்க முதல்ல தேடறது அதைத்தான். ரேட்டு போர்ட பிளக்ஸ்ல வைக்காதீங்க, ஒரு காத்துக்கு தாங்காது, அதுல பாதி இடம் யாரோ ஒருத்தர் போட்டோவுக்கே போயிடும். தகரத்துல பெயிண்ட் அடிச்சு, கண்ணாடி போடாத கிழவிக்கும் தெரியற சைஸுல எழுதி வைங்க.

இப்படிக்கு,
குமாரசாமிப்பேட்டை வாசகர் ஒருவர்,
தர்மபுரி.